கார்லண்ட் ஹிக்மனின் கையெழுத்து

கிளெமென்ட் ஹார்பர், நியூஃபவுண்ட்லாந்து
20 பிப்ரவரி 1967

அன்புத் தங்கை டல்ஸிக்கு,

உன் தந்தி அடக்கத்துக்கு முந்தின நாளே வந்து சேர்ந்தது. பாஸ்டனிலிருந்து நீ அன்றே கிளம்பியிருந்தாலும் வந்திருக்க முடியாது. விரிகுடா முழுக்கப் பனிக்கட்டி. அதை நினைத்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. உன் வீட்டுக்காரர் ஃபிராங்கின் முதுகுவலி எப்படி இருக்கிறது? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறேன்.

உன் அத்தானின் அடக்கத்துக்கு நல்ல கூட்டம். பதினான்கு வருடம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருக்குத் தலைநகர் ஆட்டவாவிலிருந்து இரண்டு பேர்தான் வந்தார்கள். ஆனால் தொகுதியின் சின்னச் சின்னப் படகுத்துறைகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவராவது வந்திருந்தார். டார்பி கோவிலிருந்து லெவி ஸ்ட்ரிக்லண்ட் பனிக்கட்டியை விலக்கி விலக்கி, ஐந்து மணி நேரம் படகில் வந்தார். போன நவம்பர் புயலில் மகன் கேலபைக் கடலுக்குக் கொடுத்த மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்களுக்காக மன்றாடினாரும்மா அவரு. ஆட்டவாக்காரன் கேக்கலன்னா அவரு என்ன செய்வாரு?” என்றார். நான் கையை விடுவித்துக்கொண்டு அவருக்குத் தேநீர் ஊற்றப் போனேன்.

தட்டுகள் கழுவி முடிக்கும் முன்பே கட்சி அமைப்பாளர் வின்சர் சமையலறைக்குள் வந்துவிட்டார்.

“இந்த நேரத்துல கேக்கறது தப்புதான் மேடம். ஆனா இடைத்தேர்தல் சீக்கிரம் வந்துரும். சீட்டுல ஹிக்மன்ங்கற பேரு இருந்தாப் போதும், ஜெயிச்சுரலாம்.”

“அப்ப அவரோட பழைய கோட்டு ஒண்ண நிறுத்துங்களேன்,” என்றேன்.

மனிதர் சிரிக்கவில்லை. ஒரு நிமிடம் யோசித்தார்!

மற்றவை பிறகு. உன் அத்தானுக்குக் கடைசியில் நெஞ்சுச் சளிதான் முற்றிவிட்டது. அதிகம் கஷ்டப்படவில்லை.

உன் அக்கா,
செலினா


பாஸ்டன்
6 மார்ச் 1967

அன்புள்ள அக்கா,

ஃபிராங்கின் முதுகு அப்படியே இருக்கிறது. புலம்பல் மட்டும் கூடியிருக்கிறது. நான் பிரசவ வார்டில் நாளெல்லாம் நிற்கிறேன், என் முதுகைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நீ சாப்பிடுவதாக எழுதியிருக்கிறாய். என்ன சாப்பிடுகிறாய் என்று எழுதவில்லை.

அத்தான் இல்லை என்பது இன்னும் மனதில் இறங்கவில்லை. நான் நர்ஸ் படிப்புக்குக் கிளம்பியபோது அப்பா வாசலுக்குக்கூட வரவில்லை. அத்தான்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல்வரை வந்தார். “போய்ட்டு வா, மவளே. திரும்பி வரலன்னாலும் கடுதாசி போடு,” என்றார். அதை மறக்கமாட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடந்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் அத்தான் பெயரில் வாழ்த்துக் கடிதம் வந்தது. கையெழுத்து அவருடையது போலத்தான் இருந்தது. ஆனால் என் பெயரில் ‘D’ போடும்போது வாலைச் சுழிப்பது நீ. சின்ன வயதில் ஆசிரியையிடம் அடி வாங்கியும் விடாத பழக்கம். நெஞ்சுச் சளி மனிதனின் கையை முடக்காது அக்கா. அவருக்கு எப்போதிலிருந்து, என்ன உடம்பு?

தேர்தலில் நிற்பதும் நிற்காததும் உன் விருப்பம். வின்சருக்காக நிற்காதே.

அன்புடன்,
டல்ஸி


கிளெமென்ட் ஹார்பர்
10 ஏப்ரல் 1967

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பனிக்கட்டி விலகி இப்போதுதான் தபால் கப்பல் ஒழுங்காக வருகிறது. உங்கள் இருவர் உடம்பும் தேறியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் சாப்பிடுவது உப்பு மீனும் ஊறவைத்த ரொட்டியும். போதுமா?

நிற்பதாக ஒப்புக்கொண்டுவிட்டேன். வாக்குப்பதிவு ஜூன் பன்னிரண்டு, திங்கட்கிழமை. எதிரே நிற்பவர் வக்கீல் நோஸ்வர்தி. நல்ல மனிதர், நன்றாகப் பேசுவார், படகில் ஏறினால் வாந்தி எடுப்பார்.

வின்சருக்காக இல்லை. எந்த வீட்டில் விதவைக்கு ஓய்வூதியம் நின்றுபோனது, எந்தத் துறையில் கலங்கரை விளக்கு எரியவில்லை, யார் மகனுக்கு மருத்துவமனையில் இடம் வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த வீட்டு மேசைக்கு வராத குறை இந்தக் கரையில் கிடையாது. அந்த வேலையை யாராவது செய்யத்தானே வேண்டும்?

வேட்புமனுவில் முதல் கையெழுத்து லெவி ஸ்ட்ரிக்லண்டுடையது. அதற்காகவே கப்பலேறி வந்தார். “வேற எவன் பேரும் எனக்கு முன்னால வரக்கூடாது,” என்று வின்சரிடம் சண்டை போட்டாராம். எழுதப் பழகாத விரல்கள்; பேனாவைத் தூண்டில் கயிறு மாதிரி இறுக்கிப் பிடித்து எழுதினார். நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபிராங்கை முதுகுக்கு ஃபிளானல் துணி சுற்றச் சொல்.

உன் அக்கா,
செலினா


பாஸ்டன்
21 ஏப்ரல் 1967

அக்கா,

ஃபிளானல் சுற்றியாயிற்று. இருவரும் நலம்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

டல்ஸி


கிளெமென்ட் ஹார்பர்
8 மே 1967

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறாயா? எனக்குக் கொஞ்சம் தொண்டைக்கட்டு. பதினொரு துறைகளில் பேசிவிட்டேன். படகிலிருந்து இறங்கியதும் பேச்சு, பேச்சு முடிந்ததும் தேநீர், தேநீர் முடிந்ததும் படகு. டின் பால் ஊற்றிய தேநீர் எவ்வளவு குடித்திருப்பேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நேற்று முன்தினம் டார்பி கோவ். ஏழு வீடுகள்தான். துறைக்கு எந்தப் பக்கமும் மறைப்பு இல்லை. தெற்கிலிருந்து வருகிற அலை நேராக வீட்டு வாசலுக்கு வருகிறது. நவம்பர் புயலில் போன மீன் கொட்டகைகளின் கால்கள் மட்டும் தண்ணீரில் நிற்கின்றன. கேலப் அன்று படகை உள்ளே இழுத்துக் கட்டப் போனான். இருபத்து நான்கு வயது. மூன்றாம் நாள்தான் கிடைத்தான்.

லெவி வீட்டில் உட்காரவைத்தார்கள். சுவரில் கேலபின் படம். அதற்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், கார்லண்ட் எழுதிய கடிதம். நாடாளுமன்ற முத்திரை போட்ட தாள். வந்தவர்களிடமெல்லாம் லெவி அதைக் காட்டுகிறார்.

“பாருங்க, வார்த்தைக்கு வார்த்தை எப்படி எழுதிருக்காரு! இந்த மனுசன் சொல்லியும் ஆட்டவாக்காரன் செய்யலன்னா பாவம் யாரு தலையில?”

அவர் மனைவி டார்கஸ் எனக்கு ரொட்டியும் ஜாமும் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மகன் போனதிலிருந்து அப்படித்தான் என்கிறார்கள்.

இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

செலினா


கிளெமென்ட் ஹார்பர்
11 மே 1967

டல்ஸி,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். கப்பல் நாளைக் காலையில் கிளம்புகிறது. அதற்குள் தபாலில் போடாவிட்டால் போடவே மாட்டேன்.

நெஞ்சுச் சளி இல்லை. அறுபத்தைந்து நவம்பரில், தேர்தல் முடிந்த கையோடு, அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை போயிற்று. பேச்சு போயிற்று. ஒரே ஒரு சொல் மிஞ்சியது: “ஆமா.” பசிக்கிறதா என்றாலும் ஆமா. வலிக்கிறதா என்றாலும் ஆமா. டாக்டர் தேறிவிடும் என்றார். தேறட்டும், அதுவரை யாருக்கும் தெரியவேண்டாம் என்று நான்தான் முடிவு செய்தேன். ஆட்டவாவுக்கு நெஞ்சுச் சளி என்று எழுதினேன். மூன்று முறை கூட்டிப் போய் அவருடைய இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, மேலே பார்வையாளர் மாடத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுங்காக உட்கார்ந்திருந்தார். பேசாத உறுப்பினர்கள் அங்கே நிறையப் பேர், யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வந்த கடிதங்களுக்கெல்லாம் நானே பதில் எழுதினேன். நானே அவர் பெயரைப் போட்டேன். பெரும்பாலும் நல்லதே நடந்தது, டல்ஸி. அதை நீ நம்பவேண்டும்.

அறுபத்தாறு ஜனவரியில் டார்பி கோவ்க்காரர்கள் எழுதினார்கள். சின்னத் துறைகளைக் காலி செய்து பெரிய ஊர்களுக்குக் குடியேறச் சொல்லும் திட்டத்தில் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா? அலைத்தடுப்புச் சுவர் வரும் என்றால் இருக்கிறோம், வராது என்றால் போகிறோம். இதுதான் கேள்வி. கீழே இருபத்தெட்டுக் கையெழுத்துகள். நான் அமைச்சகத்துக்கு எழுதிக் கேட்டேன். ‘வரும் ஆண்டில் பரிசீலிக்கப்படும்’ என்று ஒற்றை வரி வந்தது.

இரண்டு கடிதங்களையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். “சுவர் வரும்னு எழுதிரட்டுமா?” என்று கேட்டேன்.

“ஆமா,” என்றார்.

அவருக்கு வேறு சொல் கிடையாது என்று தெரிந்துதான் கேட்டேன்.

‘இந்தக் கோடையில் சுவர் கட்டப்படும். அமைச்சர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்’ என்று எழுதினேன். அதுதான் லெவி வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அவர்கள் தங்கினார்கள். கோடை போயிற்று. நவம்பர் வந்தது.

உன் பதிலை எதிர்பார்த்து,
செலினா


பாஸ்டன்
19 மே 1967

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை வார்டிலேயே நின்றபடி படித்தேன். பிறகு வேலையை முடித்து வந்து மறுபடியும் படித்தேன். ஒன்றரை வருடம் அந்த வீட்டில் தனியாக இதைச் சுமந்திருக்கிறாய். நான் ஒரு கப்பல் தூரத்தில் இருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது நர்ஸாகப் பேசுகிறேன், கேள். நோயாளியிடம் ஒரு கெட்ட செய்தியைச் சொல்லுமுன் எங்களையே நாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதைச் சொல்வது அவருக்கு நல்லதா, எனக்கு நல்லதா? லெவிக்கு மகன் இல்லை. தன் பக்கம் ஒரு பெரிய மனிதன் நின்றான் என்ற நினைப்பாவது இருக்கிறது. அதையும் பிடுங்கினால் அவருக்கு என்ன மிஞ்சும்? உன் நெஞ்சின் பாரம் இறங்கும். அது அவர் தலையில் ஏறும்.

புயலை நீ வரவழைக்கவில்லை. ஜெயித்து, ஆட்டவாவுக்குப் போய், அந்தச் சுவரைக் கட்டிக் கொடு. அதைவிடப் பெரிய பரிகாரம் எது? அத்தானின் பெயரையாவது மண்ணுக்குள் அமைதியாக இருக்கவிடு.

சொல்லாதே அக்கா. கெஞ்சிக் கேட்கிறேன்.

டல்ஸி


கிளெமென்ட் ஹார்பர்
4 ஜூன் 1967

அன்புத் தங்கைக்கு,

நீயும் ஃபிராங்கும் நலம்தானே? நான் நலமாக இருக்கிறேனா என்று சொல்லத் தெரியவில்லை; காய்ச்சல் இல்லை.

அந்தக் கேள்வியைப் பத்து நாள் கையில் வைத்துப் பார்த்தேன். பதில் தெரியவில்லை. அவர்களுக்கு நல்லதா, எனக்கு நல்லதா? தெரியவில்லை. ஆனால் அவர்களுக்கு எது நல்லது என்று ஒருமுறை நானே முடிவு செய்ததில்தான் இவ்வளவும் வந்தது. அதனால் வெள்ளிக்கிழமை டார்பி கோவுக்குப் போனேன்.

லெவி வலை பின்னிக்கொண்டிருந்தார். டார்கஸ் அடுப்பருகே மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“லெவி, அந்தக் கடுதாசி அவர் எழுதினது இல்ல. நான் எழுதினது.”

“எழுதற கை யாருதா இருந்தா என்னம்மா? அவரு சொன்னாரு, நீங்க எழுதினீங்க.”

“அவர் சொல்லல. அப்ப அவருக்குப் பேச்சே இல்ல. படுத்து மூணு மாசம் ஆயிருந்துச்சு.”

பின்னுகிற ஊசி நின்றது. “அமைச்சர் வாக்கு குடுத்தாருல்ல?”

“குடுக்கல. பாக்கலாம்னு ஒரு வரி எழுதிருந்தாங்க. அத நான்தான் மாத்தினேன்.”

“ஏன்?”

வழியெல்லாம் படகில் இதற்குப் பதில் தயாரித்திருந்தேன். அதை விட்டுவிட்டேன். “இருபத்தெட்டு பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பிருந்தீங்க. அவங்களுக்கெல்லாம் ‘தெரியல’ன்னு எழுத எனக்கு மனசு வரல,” என்றேன்.

டார்கஸ் திரும்பினாள். கையெல்லாம் மாவு.

“தெரியலன்னு எழுதிருந்தா நாங்க போயிருப்போம்,” என்றாள்.

நவம்பருக்குப் பிறகு அவள் குரலை நான் கேட்டது அப்போதுதான். சத்தம் போடவில்லை. திரும்பவும் மாவைப் பிசையத் தொடங்கிவிட்டாள்.

லெவி எழுந்து சட்டத்தைக் கழற்றி என் மடியில் வைத்தார். “மத்த ஆறு வீட்டுலயும் சொல்லிட்டுப் போங்க. ஒரு வீட்டோட முடியற விசயம் இல்ல இது.” அம்மா என்று சொல்லவில்லை.

ஆறு வீட்டிலும் சொன்னேன். இரண்டு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறந்தபடியே வைத்து, நின்றுகொண்டே கேட்டார்கள். நான் கரைக்குப் போனபோது யாரும் படகைத் தள்ளிவிட வரவில்லை. படகோட்டியே இறங்கித் தள்ளினார்.

நேற்று வின்சர் வந்தார். செய்தி அதற்குள் கரை முழுக்கப் போய்விட்டது.

“மேடம், இன்னும் பத்து நாள்! பத்து நாள் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? அதுக்கப்புறம் எத வேணா சொல்லுங்க, யாரு கேக்கப் போறா?”

“அதுக்காகத்தான் இப்பவே சொன்னேன்,” என்றேன்.

வாக்குச் சீட்டு அச்சாகிவிட்டது. விலக முடியாது. விலகவும் மாட்டேன்.

உன் பேச்சைக் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்.

உன் அக்கா,
செலினா


கிளெமென்ட் ஹார்பர்
14 ஜூன் 1967

அன்புத் தங்கைக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நலமாக இருந்தால் சரி.

நோஸ்வர்தி தொண்ணூற்று நான்கு வாக்கில் ஜெயித்தார். நேரில் வந்து கை கொடுத்தார். மரியாதையாக நடந்துகொண்டார்.

டார்பி கோவ் பெட்டியைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். இருபத்தேழு வாக்காளர்கள். கேலப் இருந்திருந்தால் இருபத்தெட்டு. ஒருவர் பாக்கியில்லாமல், தேவாலயத்துக்குப் போகிற உடுப்போடு வந்தார்களாம். முடங்கிக் கிடக்கும் ஒரு கிழவரை நாற்காலியோடு தூக்கி வந்தார்களாம். பெட்டியைத் திறந்தபோது இருபத்தேழு சீட்டும் வெள்ளையாக இருந்தன. எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. எண்ணிய அதிகாரி இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

அத்தனையும் எனக்கே விழுந்திருந்தாலும் தோற்றிருப்பேன். அதனால் இது தோல்வியைப் பற்றிய வருத்தம் இல்லை.

செலினா


பாஸ்டன்
16 ஜூலை 1967

அன்புள்ள அக்கா,

ஒரு மாதமாக எழுதவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், பொய். கோபம். இங்கே இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அத்தானை ‘பொம்மை உறுப்பினர்’ என்று சிரித்ததைக் காதால் கேட்டேன். என் பெட்டியைத் தூக்கிவந்த மனிதரை நீ ஊர்வாயில் போட்டுவிட்டாய் என்று ஆத்திரம்.

போன வாரம் வார்டில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. டாக்டர் வந்து சொல்லட்டும் என்று, “குழந்த தூங்குது,” என்றேன். டாக்டர் வர இரண்டு மணி நேரமாயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் அவள் என்னிடம் பெயர்கள் சொல்லிக்கொண்டிருந்தாள். எது நல்லா இருக்கு, எது நல்லா இருக்கு என்று. நானும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். உண்மை தெரிந்தபோது அவள் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

உனக்கு நான் எழுதிய புத்திமதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஃபிராங்குக்கு செப்டம்பரில் விடுமுறை. அவர் தன் முதுகோடு இங்கே இருக்கட்டும். நான் வருகிறேன்.

உன் தங்கை,
டல்ஸி


கிளெமென்ட் ஹார்பர்
22 அக்டோபர் 1967

அன்புத் தங்கைக்கு,

நீ ஒழுங்காக வீடு சேர்ந்தது தெரிந்து நிம்மதி. நீ இருந்த இரண்டு வாரத்தில் நான் சாப்பிட்டதைப் பார்த்துக் கடைக்காரருக்கே ஆச்சரியம். மூட்டுவலிக்கு நீ கொடுத்த மருந்தைத் தேய்க்கிறேன். நாற்றம் தாங்கவில்லை, வலி குறைந்திருக்கிறது.

நீ கிளம்பிய மறுவாரம் டார்பி கோவ்க்காரர்கள் வந்துவிட்டார்கள். குடியேற்றத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வீடுகளைக் காலி எண்ணெய்ப் பீப்பாய்கள்மேல் மிதக்கவிட்டு, படகுகளில் கட்டி இழுத்து வந்தார்கள். லெவியின் வீடு இப்போது நம் தெருவின் கோடியில் நிற்கிறது. அவர் என்னைக் கண்டால் மறுபக்கம் கடந்து போகிறார். போகட்டும்.

ஆனால் டார்கஸ் வந்தாள். கதவைத் தட்டி, உள்ளே வந்து, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். தேநீர் வேண்டாம் என்றாள்.

“கேலப் அங்க மேட்டுலயே கெடக்கான். வீட்ட இழுத்துட்டு வந்தாச்சு, அவன இழுத்துட்டு வர முடியல. கோடையில ஒரு நாள், ஒரே ஒரு நாள், கப்பல் அங்க நின்னு போகணும். புது உறுப்பினருக்கு எழுதிக் குடுங்க.”

“நான் எழுதினா நீங்க நம்புவீங்களா?”

“நம்பறதுக்கு வரல. எழுதத் தெரிஞ்சவங்க நீங்கதான்.”

எழுதினேன். எழுத எழுத வாசித்துக் காட்டச் சொன்னாள். ‘இது நிச்சயம் கிடைக்க வேண்டிய உதவி’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். கையை நீட்டி நிறுத்தினாள்.

“நிச்சயம்னு போடாதீங்க. கேக்கறோம்னு மட்டும் போடுங்க.”

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டேன். அவள் குனிந்து, எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, உறையை என்னிடம் விடாமல் தானே தபாலில் சேர்த்தாள்.

நான்கு வாரமாகிறது. கப்பல் வருகிற நாளெல்லாம் அவள் தபால் பையைப் பிரிக்கும் வரை கடை வாசலில் நிற்கிறாள். பதில் வந்தால் என் பெயருக்குத்தான் வரும் என்பதால் நானும் நிற்கிறேன். பக்கத்தில் இல்லை, இரண்டு எட்டு தள்ளி. எனக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான் பார்த்து முடித்ததும் அவள் என் முகத்தைப் பார்க்கிறாள்.

“வரல, டார்கஸ்,” என்கிறேன்.

“வருமா?”

“தெரியல.”

“சரி,” என்கிறாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அடுத்த கப்பலுக்கு மறுபடியும் வருகிறாள்.

உன் அக்கா,
செலினா ஹிக்மன்